அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க நல்ல படம், தொடர் சொல்லுங்கள். நம் ஊர்ப் பேச்சு சரியாக இருந்தால் இன்னும் நல்லது

பாளைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வலது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து 9 நாள் ஆகிறது. நான் அம்பத்தூரில் வேலை பார்க்கிறேன். ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை வந்துவிட்டேன். பட்டாசலில் கட்டிலைப் போட்டு, எதிரே டிவியை நகர்த்தி வைத்திருக்கிறோம். காலையில் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு தம்பி வருகிறார், அவர் போன பிறகு நாள் முழுக்க அப்பாவுக்கு அந்தக் கட்டிலும் சுவரும்தான். 30 வருடத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றபடியே வேலை பார்த்த நடத்துநர், அதில் பாதிக் காலம் திருநெல்வேலி – திருச்செந்தூர் ரூட். அப்படிப்பட்டவர் படுத்துக் கிடப்பதைப் பார்க்க மனது கேட்கவில்லை.

கடைசியாகத் தியேட்டரில் என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, பூர்ணகலாவில் நாங்கள் எல்லோருமாகப் போன ஒரு படத்தைச் சொன்னார். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அதற்கப்புறம் வந்தது எதையும் அவர் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆகையால் உங்களுக்குப் பழசாகிப்போன படமும் அவருக்குப் புதுசுதான், தயங்காமல் சொல்லுங்கள்.

அவருக்கு ரத்தம் தெறிக்கிற காட்சி ஆகாது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, கால் வலிக்கும். கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கக் கண்ணும் ஒத்துழைக்காது. இது எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பேச்சு. முந்தாநாள் திருநெல்வேலிக் கதை என்று நம்பி ஒரு படத்தைப் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். வருகிற போகிற எல்லோரும் ஏலே ஏலே என்று கத்துகிறார்கள், கையில் அரிவாள் வேறு. "மூத்த ஆட்கள எவனாவது ஏலேன்னு கூப்பிடுவானா? எந்த ஊர்ல இப்படிப் பேசுதாவ?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. சென்னைக்குப் போன முதல் வருடம் 'சொல்லுதேன்', 'பண்ணுதேன்' என்று வாயில் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் நிதானித்துப் பேசியவன் நான்.

அம்மா சாயங்காலம் சீரியல் பார்ப்பார்கள், எட்டரைக்கு மேல் அவர்களும் வந்து உட்காருவார்கள். பிரைம், நெட்பிளிக்ஸ், ஜியோஹாட்ஸ்டார் மூன்றும் இருக்கிறது. ஜீ5 தேவை என்றால் ஒரு மாதத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, அப்பாவுக்குச் சீக்கிரம் நடை திரும்பட்டும். திருச்செந்தூர் ரூட் நடத்துநர் என்றால் செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஊர் ஊராக முகம் தெரிந்து வைத்திருப்பார். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அவரிடம் நான் டிக்கெட் வாங்கியிருக்கவே வாய்ப்பு உண்டு.

அவருக்கு முதலில் 'வாழை' போடுங்கள். 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, மாரி செல்வராஜ் படம். ஹாட்ஸ்டாரில் பார்த்த நினைவு. சனி ஞாயிறு லீவு என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டு, இந்தக் கதையில் வருகிற சிவனைந்தானுக்கு வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய நாள். அவன் கூட்டாளி சேகர். ஒருத்தன் ரஜினி, இன்னொருத்தன் கமல், அந்தச் சண்டை ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் பூங்கொடி டீச்சர் மேல் அந்தப் பிள்ளை வைத்திருக்கிற பிரியம் ஒரு பக்கம். கழுத்து வலிக்கத் தார் தூக்கிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கிற முகம் இன்னொரு பக்கம். இந்த மூன்றையும் பிரிக்காமல் ஒரே வாழ்க்கையாகச் சொன்னதால்தான் படம் நிற்கிறது. இயக்குநர் தன் சிறுவயதிலிருந்து எடுத்த கதை அது.

நானும் சுமந்தவன்தான். எட்டாம் வகுப்பு முதல் பத்து வரைக்கும். தலையில் சும்மாடு வைத்து, சேறு முழங்காலுக்கு வர, வரப்பு வழுக்க வழுக்க லாரி நிற்கிற இடம் வரை நடந்து போக வேண்டும். வாழைக்கறை பட்ட சட்டையை எங்கம்மா எதை எதையோ போட்டுத் துவைத்துப் பார்ப்பார்கள், போகாது. பள்ளிக்கூடத்தில் யார் யார் தார் சுமக்கப் போகிறார்கள் என்பதைச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இது சினிமாவில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெரு மூழ்கி, டிவி, கட்டில், பிள்ளைகள் புத்தகம் எல்லாம் போய், எட்டு மாதம் கழித்து நாங்கள் குடும்பமாகப் போய்ப் பார்த்த முதல் படம் அது. என் மகன் படம் முடிந்ததும் என் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசி அரை மணி நேரம் தாங்க முடியாது. ரத்தம் என்பதால் இல்லை, துக்கம். அப்பா பலவீனமாக இருக்கிற நாளில் போடாதீர்கள், பகலில் போடுங்கள், கூடவே உட்காருங்கள்.

அடுத்தது 'பைசன்', 2025 தீபாவளிக்கு வந்தது. மணத்தி கணேசன் அண்ணாச்சி பெயர் அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர், நம்ம சுற்றுவட்டாரத்துக்காரர். அவர் வாழ்க்கையின் சாயலில் எடுத்த கதை, துருவ் விக்ரம் நடித்தது. மகன் கபடி ஆடப் போனால் வம்பில் மாட்டிக்கொள்வானே என்று அஞ்சுகிற தகப்பனாகப் பசுபதி செய்திருப்பதைப் பார்க்கத்தான் நான் இரண்டாவது தடவை போட்டேன். ஆனால் வெட்டுக்குத்து உண்டு, நீளமும் அதிகம். கபடி வருகிற இடங்களை மட்டும் காட்டினாலும் அவர் ரசிப்பார்.

ஓவர்_த்ரோ எழுதியது:

லப்பர் பந்து. யோசிக்கவே வேண்டாம். 2024 செப்டம்பர் படம். மாமனாராகப் போகிறவரும் மருமகனாகப் போகிறவனும் ஊர்க் கிரிக்கெட்டில் முட்டிக்கொள்கிற கதை. 'அட்டகத்தி' தினேஷ் மட்டையைப் பிடித்துக்கொண்டு வரும்போது விஜயகாந்த் பாட்டு, 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும் பாருங்கள், எங்கள் வீட்டில் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் அப்பா எழ வேண்டாம், கால் முக்கியம்.

அம்மாவுக்கும் பிடிக்கும். சுவாசிகா டிராக்டர் ஓட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருகிற காட்சி ஒன்று போதும். யார் எந்த அணியில் ஆடலாம், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்கிற சாதி விஷயத்தையும் பிரசங்கம் செய்யாமல் சொல்லியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே பார்க்கலாம், பார்த்து முடித்த பிறகு பேசவும் விஷயம் இருக்கும்.

சாரல் எழுதியது:

நான் தென்காசி. என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் இருந்தபோது நானும் இதே போல அலைந்திருக்கிறேன், அதனால் பார்த்துத் தேறியதைச் சொல்கிறேன். படுத்திருப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரப் படத்தைவிட அரை மணி, முக்கால் மணி நேர அத்தியாயமாக வருகிற தொடர்தான் தோது. ஒன்று பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம், நாளைக்கு என்ன ஆகும் என்று ஒரு எதிர்பார்ப்பும் இருக்கும். அந்த எதிர்பார்ப்பு மருந்து மாதிரி, நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வகையில் 'அயலி'. 2023இல் ஜீ5இல் வந்தது, எட்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் சின்னது. 1990களில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர், பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம், இதுதான் வழக்கம். தமிழ்ச்செல்வி என்கிற பிள்ளை டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறது. அம்மாவாக அனுமோள். இந்த அம்மாவும் மகளும் சேர்ந்து அந்த ரகசியத்தைக் காப்பாற்றப் படுகிற பாட்டைப் பார்த்து என் மாமியார், தன் காலத்தில் ஏழாம் வகுப்போடு நின்றதை முதல்முறையாக என்னிடம் சொன்னார்கள். 19 வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அதுவரை எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவையும் இதற்கு அவசியம் உட்கார வையுங்கள் தம்பி, சீரியல் முடியட்டும் என்று காத்திருந்தாவது.

படம் என்றால் 'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025 மே 1. சசிகுமார், சிம்ரன். இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம் சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறது. வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயந்து பயந்து இருக்கிறார்கள். அம்பத்தூரில் வார்த்தையை நிதானித்துப் பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை, நமக்கு வெறும் கூச்சம், ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

'மெய்யழகன்' தஞ்சாவூர், நீடாமங்கலம் பக்கக் கதை, கார்த்தியும் அரவிந்த்சாமியும் ராத்திரி முழுக்கப் பேசுகிற படம். நீளம் என்று பலர் சொன்னார்கள், வெளியான பிறகு 18 நிமிடம் போல வெட்டவும் செய்தார்கள். எனக்கு அந்த நீளம் உறுத்தவே இல்லை. சொந்த ஊரை விட்டுப் போனவர், பிரியமாகக் கவனிக்கிற உறவுக்காரப் பையனின் பெயரே தெரியாமல் தவிக்கிறார், அதைச் சுருக்கிச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் பாருங்கள்.

அப்புறம் எங்கள் பக்கம், செங்கோட்டை தாண்டினால் கேரளம், மலையாளம் காதுக்குப் பழக்கம். அதனால் ஒன்று. மம்மூட்டி நடித்து 2023 ஜனவரியில் வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்'. வேளாங்கண்ணி போய்விட்டு ஊர் திரும்புகிற மலையாளிக் கூட்டத்தின் பஸ், வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தின் பக்கம் நிற்கிறது. ஒருவர் இறங்கி, நேராக ஒரு வீட்டுக்குள் நுழைந்து, காணாமல் போன அந்த வீட்டுக்காரராகவே நடக்கத் தொடங்குகிறார். பேச்சில் பாதி தமிழ், அதனால் கீழே எழுத்துப் படிக்கத் தேவையே வராது. பின்னணியில் முழுக்கப் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் வாழ்ந்தவருக்கு அது பிடிக்காமல் போகாது.

கரிசல்மண் எழுதியது:

எனக்கு ஒட்டப்பிடாரம் பக்கம். எல்லோரும் நல்லபடியாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அப்பா நடத்துநராக இருந்தவர் என்று படித்ததும் எனக்குத் தோன்றிய படத்தை யாரும் சொல்லவில்லை. 'கர்ணன்', 2021 ஏப்ரல். பிரைமில் கிடைக்கும்.

பொடியன்குளம் என்கிற ஊருக்கு நிறுத்தம் கிடையாது. பஸ் போகும் வரும், நிற்காது. படம் தொடங்குவதே நடுரோட்டில் வலிப்பு வந்து கிடக்கிற ஒரு சின்னப் பிள்ளையோடுதான், இரண்டு பக்கமும் பஸ் போய்க்கொண்டே இருக்கும். தனுஷ் நன்றாக நடித்தார், ஒளிப்பதிவு நன்றாக இருந்தது, கிடாக்குழி மாரியம்மாள் குரல் ரோமத்தைச் சிலிர்க்க வைத்தது, அதெல்லாம் இருக்கட்டும். 1995இல் கொடியங்குளத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டே படம் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நான் சொல்ல வருவது அந்த நிறுத்தத்தை.

எங்கள் ஊருக்கும் நிறுத்தம் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது மெயின் ரோடு வரை ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்து வந்து, கை காட்டி, பஸ் நிற்காமல் போய், அடுத்த ஊருக்கு இன்னொரு நடை நடந்து அங்கே ஏறிப் பள்ளிக்கூடம் போவோம். மணி அடித்திருக்கும், வெளியே முட்டி போட வைப்பார்கள். அக்காவுக்குப் பிரசவ வலி வந்த ராத்திரி மாட்டு வண்டியில்தான் போனோம். பிள்ளை பிழைத்தது, அதைச் சொல்ல வேண்டும், பிழைத்தது. இன்றைக்கு அவன் கோவில்பட்டியில் வேலை பார்க்கிறான்.

படத்தில் ஒரு சின்னப் பையன், வயிற்றுப் பிள்ளைக்காரி அம்மாவோடு நிற்கிறவன், நிற்காமல் போகிற பஸ் மேல் கல்லை எறிவான். தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சத்தமாக அழுதார். யார் என்றே தெரியாது, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் அப்பா அதைப் பஸ்ஸுக்குள்ளே இருந்து பார்த்தவர். அவர் என்ன சொல்வார் என்று எனக்குக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. குறை சொல்வதற்காக இல்லை, உண்மையாகவே.

சாரல் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத மனிதர், ராத்திரி தூக்கம் சரியாக இருக்காது, வலி மாத்திரை வேறு. அந்த நேரத்தில் ஆயுசுக்கும் பார்த்த வேலையைப் பற்றி ஒரு பாரத்தை ஏற்றி வைக்க வேண்டுமா? எல்லாப் பஸ்ஸும் ஒன்றில்லை, எல்லா நடத்துநரும் ஒன்றில்லை. அவர் நடக்கத் தொடங்கட்டும், அப்புறம் காட்டலாம்.

பொருநைக்கரை எழுதியது:

அக்கா சொல்வதும் சரி, கரிசல்மண் சொல்வதும் சரி. எனக்குத் தோன்றுவது, மறைத்துப் போடாதீர்கள். இன்ன கதை, பஸ் நிற்காத ஊர் பற்றியது, பார்க்கிறீர்களா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். பெரியவர்களுக்காக நாமே முடிவு எடுத்துவிடுகிறோம், அது தப்பு.

'பரியேறும் பெருமாள்' பற்றி யாரும் பேசவில்லை, அதையும் கேளுங்கள். 2018 படம், திருநெல்வேலி சட்டக் கல்லூரி, பாளையங்கோட்டையில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்த தெருக்கள். கதிருக்கு அப்பாவாக வருகிற தங்கராசு அண்ணாச்சி உண்மையிலேயே பெண் வேடமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். இப்போது அவர் இல்லை. கல்லூரிக்கு வந்த அந்த அப்பாவுக்கு நடக்கிற அவமானம்தான் எனக்குப் படத்திலேயே கடினமான இடம். கடைசியில் இரண்டு டீ கிளாஸுக்கு நடுவே ஒரு பூ, அதை எத்தனை தடவை பார்த்தாலும் என்னால் எழுந்து போக முடியாது.

பேச்சைப் பொறுத்தவரை, இந்தப் படங்களில் 'ஏலே' வரும், ஆனால் சேக்காளிகளுக்குள்ளே, தாய் பிள்ளையை அழைக்கும்போது, வர வேண்டிய இடத்தில் வரும். அப்பா நிறுத்தச் சொல்ல மாட்டார்.

தசராக்குழு எழுதியது:

நான் உடன்குடி. 11 வருடமாகக் குலசைக்கு, அதாவது குலசேகரன்பட்டினம் கோயிலுக்கு, மாலை போடுகிறேன், அதில் நான்கு வருடம் காளி வேடம். தொடர் கேட்டதால் வருகிறேன்: 'சுழல்' இரண்டாவது பாகம், 2025 பிப்ரவரி 28, பிரைம். புஷ்கர் – காயத்ரி எழுதியது. காளிப்பட்டணம் என்று கற்பனை ஊர், அஷ்டகாளித் திருவிழா என்று கற்பனைத் திருவிழா, ஆனால் பார்த்த உடனே இது நம்ம முத்தாரம்மன் கோயில் தசராவின் சாயல் என்று தெரிந்துவிடும். லால் செய்கிற வக்கீல் இறந்து கிடக்கிறார், கொன்றது நான்தான் என்று எட்டுப் பெண் பிள்ளைகள் தனித்தனியாக வந்து நிற்கிறார்கள். கதிர் அந்த முடிச்சை அவிழ்க்கிறார். எட்டு அத்தியாயம்.

எனக்கு இதில் நிறைவும் உண்டு, குறையும் உண்டு. கடற்கரையில் கூட்டம் கூட்டமாக வேடம் கட்டி வருகிறவர்களை அவ்வளவு பெரிதாகத் திரையில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் திருவிழாவின் உள்பக்கம் வரவில்லை. காளி வேடம் கட்டுகிறவன் எத்தனை நாள் விரதம் இருக்கிறான், தானே பொங்கி ஒரு வேளை சாப்பிட்டு, தரையில் படுத்து, காப்புக் கட்டிய பிறகு தெருத் தெருவாகப் போய் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் காணிக்கை வாங்கி, அதை அப்படியே அம்மனுக்குக் கொண்டு போடுகிறான். வசதியானவனும் அன்றைக்குக் கை நீட்டத்தான் வேண்டும். போலீஸ் வேடம், குறவன் குறத்தி, குரங்கு, பைத்தியக்காரன், எல்லாம் நேர்ச்சை. நோய் தீர்ந்ததற்கு, பிள்ளை பிறந்ததற்கு. அதைக் கொலைக் கதைக்குத் திரைச்சீலையாக மட்டும் வைத்துவிட்டார்கள் என்பது என் மனத்தாங்கல். அதற்காகப் பார்க்காமல் விட வேண்டாம், விறுவிறுப்பு குறையவே இல்லை. முதல் பாகம் 2022இல் வந்தது, பார்த்திபனும் ஐஸ்வர்யா ராஜேஷும் இருப்பார்கள். அது மயானக் கொள்ளைத் திருவிழா. அதைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள், ஐஸ்வர்யா ராஜேஷ் செய்கிற நந்தினி ஏன் சிறையில் இருக்கிறாள் என்பது புரியும்.

உங்கள் அப்பா தசரா நாட்களில் திருச்செந்தூர் ரூட்டில் ஓடியிருப்பாரே, வேடம் கட்டிய கூட்டத்தை எத்தனை வருடம் ஏற்றி இறக்கியிருப்பார். அவரிடம் கேளுங்கள், தொடரைவிட அவர் சொல்வது நன்றாக இருக்கும்.

பாளைக்காரன் எழுதியது:

16 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அப்பா இப்போது வாக்கரை வைத்துத் தார்சா வரை நடக்கிறார்.

லப்பர் பந்து முதலில் போட்டோம். நன்றி ஓவர்_த்ரோ, வீடு முழுக்கச் சிரிப்பு. அயலி பார்த்து அம்மா இரண்டு நாள் சீரியலையே விட்டுவிட்டார்கள். வாழை பகலில் பார்த்தோம். அப்பா ஒரு ஊர் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார், இது இன்ன வாய்க்கால், அது இன்ன பாலம் என்று. கடைசி அரை மணி நேரம் பேச்சே இல்லை. சுழல் இரண்டாம் பாகத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனால் தசராக்குழு சொன்ன மாதிரி கேட்டேன், ஒரு வருடம் பஸ் முழுக்கக் காளியும் குரங்கும், டிக்கெட்டுக்குக் காணிக்கைத் தட்டிலிருந்து சில்லறை எடுக்க மாட்டோம் என்று மடியிலிருந்து தனியாக எடுத்துக் கொடுத்ததை அரை மணி நேரம் சொன்னார்.

கர்ணன் பற்றி. பொருநைக்கரை சொன்னபடி, இன்ன கதை என்று சொல்லிவிட்டு, பார்க்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "போடு" என்றார். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தோம். கல் எறிகிற காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார். வலிக்கிறதோ என்று நினைத்தேன்.

திருச்செந்தூர் ரூட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் வேறு ஒரு ரூட்டில் இருந்திருக்கிறார். அங்கே ஒரு விலக்கில் காலை ட்ரிப்பில் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்களாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதிகம். அது ஸ்டேஜ் இல்லை. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க மாட்டார். பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களும் நிறுத்தாதே என்பார்கள், ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "நான் விசில் அடிச்சா வண்டி நின்னுதான ஆகணும். விசில் என் கையிலதான இருந்துச்சு" என்றார். இரண்டு மூன்று தடவை அடித்திருக்கிறார், மற்ற நாட்களில் அடிக்கவில்லை. அடித்த நாட்களை எங்களிடம் முன்பே சொல்லியிருக்கிறார், பெருமையாக. அடிக்காத நாட்களை இப்போதுதான் சொன்னார். அம்மாவுக்கே தெரியாது.

சாரல் அக்கா, நீங்கள் பயந்தது சரிதான், அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் மீதியை அவரே போடச் சொல்லி முழுக்கப் பார்த்தார்.

கரிசல்மண், நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் ஊர் அந்த விலக்கு இல்லை, அது வேறு பக்கம், நான் கேட்டுவிட்டேன். அப்படியும் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். உங்கள் ஊரில் இப்போது பஸ் நிற்கிறதா?

அடுத்து என்ன பார்க்கலாம் என்று அம்மா விசாரித்து வைத்திருக்கிறார்கள், 'அங்கம்மாள்'. பெருமாள்முருகன் கதையை வைத்து எடுத்தது, ரவிக்கை போடாத ஒரு அம்மாவை மகன் போடச் சொல்கிற கதை, கீதா கைலாசம் நம் ஊர்ப் பேச்சில் நடித்திருக்கிறார்களாம். எங்கள் ஆச்சி கடைசி வரை ரவிக்கை போட்டதில்லை, அதனால் அம்மாவுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அப்பா உட்காரலாமா என்று சொல்லுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

நிற்கிறது என்று சொல்லுங்கள் அண்ணாச்சியிடம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று ஊருக்குள்ளேயே வந்து திரும்புகிறது. மெயின் ரோட்டு விலக்கில் எல்லாப் பஸ்ஸும் நிற்கும். நிழற்குடை இன்னும் வரவில்லை, வேப்பமரம்தான். பிள்ளைகள் பையை அதன் கிளையில் மாட்டிவிட்டு நிற்பார்கள்.

அங்கம்மாள் நான் பார்த்தேன். வெட்டுக்குத்து எதுவும் கிடையாது. அப்பா தாராளமாக உட்காரலாம்.